எடுக்கச் சொல்லாத விரல்

எல்.கே.ஜி. வகுப்பின் முதல் நாளில் ஒரு பிள்ளைகூட அழவில்லை.

சித்ரலேகாவுக்கு இது பிடிக்கவே இல்லை. அம்பாசமுத்திரத்தின் இந்த நர்சரிப் பள்ளியில் பதினோரு வருஷமாக ஜூன் மாதம் என்றால் அவளுக்குக் காது கிழியும். அம்மாவின் சேலையை விடாத கையை விரல் விரலாகப் பிரித்து, கூசாமல் ஏதாவது பொய் சொல்லி, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் தோளெல்லாம் சளியும் கண்ணீருமாக இருக்கும். இந்த வருஷம் இருபத்திரண்டு பேரும் சத்தமில்லாமல் வந்து பாயில் உட்கார்ந்தார்கள், அவளுடைய மகள் சங்கரியும் சேர்த்து. வெளியே சாரல் தகரக் கூரையில் பொரிந்துகொண்டிருக்க, ஈரக் காலுறையும் புதுப் பையும் கலந்த வாடையில் அவள் வருகைப் பதிவேட்டைத் திறந்து நிமிர்ந்தபோது, இருபத்திரண்டு பேரும் வாயில் விரல் வைத்திருந்தார்கள்.

அவள் வைக்கச் சொல்லவில்லை.

கடைசியாகச் சொன்னது போன மார்ச்சில். "வாயில விரல வைங்க. மிஸ் எடுன்னு சொல்லுத வரைக்கும் எடுக்கப்படாது" என்று அதட்டிவிட்டு, போனோடு வராந்தாவுக்குப் போனாள். தங்கையின் கல்யாணச் சேலைக் கதை இருபது நிமிஷம் ஓடியது. திரும்பி வந்தபோது சந்தனமாரி என்ற பிள்ளை சுவரில் சாய்ந்திருந்தது. உதடு நீலம். விரல் அப்போதும் வாயில். இளைப்புக்காரப் பிள்ளை, மருந்து பையிலேயே இருக்கிறது, மூச்சு முட்டினால் அவளே கேட்பாள் என்று அம்மாக்காரி முதலிலேயே சொல்லியிருந்தாள். பிள்ளை டீச்சர் பேச்சைத் தட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் சித்ரலேகா ஒன்றே ஒன்று சொன்னாள். "அவ எங்கிட்ட கேக்கவே இல்லம்மா."

"எம்பிள்ளைக்கு வாய் ஓயாதே டீச்சர்," என்றாள் அந்த அம்மா. "கேக்கலன்னா சொல்லுதிய?"

பழியைச் செத்த பிள்ளையின் தலையில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சோறும் தின்றவள் சித்ரலேகா.

முதல் நாள் சாயங்காலம் ஸ்கூட்டியில் முன்னால் நின்றுகொண்டு சங்கரி வழக்கம்போல வளவளத்தாள். அதைக் கேட்ட பிறகுதான் சித்ரலேகாவுக்கு உயிரே வந்தது.

"வாயில விரல் வைக்க யாருட்டி சொன்னா?"

"சந்தனமாரி."

வண்டி ஆட்டம் கண்டது. "அவ எங்கன இருந்தா?"

"எம் பக்கத்துல. எடுன்னு சொல்ல மிஸ் மறந்துட்டாவளாம்மா. அதான் இன்னும் எடுக்கலையாம்."

பெரிய வகுப்புப் பிள்ளைகள் எதையாவது கிளப்பிவிட்டிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குள் ஒரு சத்தம் கேட்டது. கதவிடுக்கில் காற்று நுழைவது போல மெல்லிய விசில், உள்ளே ஒரு தரம், வெளியே ஒரு தரம். வரிசை வரிசையாகக் குனிந்து ஒவ்வொரு மூக்காகக் காது வைத்துக்கொண்டே போனாள். கடைசிப் பாயில் சங்கரியின் நெஞ்சிலிருந்து வந்தது. பிறந்ததிலிருந்து ஒரு சளிக்குக்கூட மருந்து குடிக்காத பிள்ளை. அன்று வீட்டிலும் விரலை எடுக்கவில்லை, ஒரு வாய் சோறு இறங்கவில்லை. "விளையாடுதா, விடு," என்று சிரித்தான் கணவன். சித்ரலேகா விடியும்வரை அந்த விசிலைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள்.

புதன்கிழமை லீவு போட்டிருக்கலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்காவது ஓடியிருக்கலாம். ஆனால் பாக்கி வைத்த அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் மகள் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினாள். கதவைச் சாத்தினாள். சங்கரியின் முன்னால் முட்டி போட்டாள்.

"சந்தனமாரி, எடுத்துரு தாயி. மிஸ் சொல்லுதேன். எடு."

இருபத்தோரு விரல்கள் இறங்கின.

சங்கரியின் விரல் இறங்கவில்லை. விசில் கூடியது. அந்தச் சின்னக் கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. பிள்ளையின் உதடு வெளுத்தது. பிறகு கறுத்தது. கண் மட்டும் அம்மாவையே பார்த்தது.

வராந்தாவில் ஆயா அன்னத்தாய் டம்ளர் கழுவும் சத்தம். கூப்பிட வேண்டும். வாய் திறக்கவில்லை. அவள் வலது கை தானாக மேலே வந்திருந்தது. விரல் உதட்டில். கால் மரத்துவிட்டது.

சங்கரியின் பக்கத்தில், யாரும் உட்காராத இடத்திலிருந்து, ஒரு குரல்.

"கேளுங்க மிஸ். கேட்டா விட்டுருதேன்."

கேட்டாள். உள்ளுக்குள் கதறிக் கதறிக் கேட்டாள். ஒன்றும் வெளியே வரவில்லை.

"நீங்க கேக்கவே இல்லையே மிஸ்."

சன்னலில் அன்னத்தாயின் முகம் வந்தது. வகுப்பு மூச்சுக்காட்டாமல் இருந்தது. டீச்சரும் மகளும் எதிரும் புதிருமாக, வாயில் விரலோடு. அன்னத்தாய் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். பிள்ளைகளுக்காகத் தானும் ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, சத்தம் வராமல் சன்னலைச் சாத்தினாள்.