உயரமாய் ஒரு ஜீப்... ஆழமாய் ஒரு பள்ளம்!

செல்போன் அலறியபோது ஸ்பிரிங் ஒரு ஜீப்பின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடந்தான்.

ஜீப்புகளைத் தூக்கிக் கட்டி உயரமாக்கும் கடை அவனுடையது. காட்டிலும் மலையிலும் ஓட்ட ஆசைப்படுகிற அத்தனை பேரும் அவனிடம்தான் வருவார்கள். ஸ்பிரிங் மாட்டி மாட்டி அதுவே பெயராகி, அவனுடைய சொந்தப் பெயரை ஊரே மறந்து போயிருந்தது.

கிரீஸ் கையோடு போனை எடுத்தான்.

"ஹலோ..."

"மலையடிவார ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் பேசறேன்." பெண் குரல். கறாரான குரல். "சிவப்பு ஜீப். தூக்கிக் கட்டினது. பின் கண்ணாடியில உங்க கடை ஸ்டிக்கர். யார் வண்டின்னு தெரியுதா?"

தெரியாமலா?

ஷோக்கு! பள்ளிக்கூடத்து பெஞ்சிலிருந்தே கூட இருக்கிற நண்பன். கண்ணாடி போடாமல், சென்ட் அடிக்காமல் வாசற்படி தாண்ட மாட்டான். அதனால் அந்தப் பெயர்.

"என் ஃப்ரெண்டோட வண்டி மேடம். என்னாச்சு?"

"கொண்டை ஊசி வளைவுல பள்ளத்துல உருண்டுருச்சு. ஓட்டினவங்க ஸ்பாட்லயே காலி."

ஸ்பேனர் நழுவி விழுந்தது.

"கொன்னுட்டா மேடம்...! அவன் பொண்டாட்டியே அவனைக் கொன்னுட்டா!"



இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னாள்.

"செத்துப் போனதே அந்தப் பொண்டாட்டிதான் சார்."

* * *

ஆஸ்பத்திரிக்கு பைக்கில் பறந்தான் ஸ்பிரிங். மண்டைக்குள் போன மாதம் ஓடியது.

ஷோக்கு கடைக்கு வந்த நாள்!

"மாப்ள, ஸ்பிரிங் கிஸ்பிரிங் எல்லாம் எதுக்கு? நடுவுல ரெண்டு இரும்புக் கட்டை, அதான் ஸ்பேஸர், சொருகி ஏத்திடேன்."

"அது செருப்புக்கடியில செங்கல் கட்டற மாதிரிடா. பாக்கத்தான் உசரம். உனக்கு நல்ல ஸ்பிரிங்காவே போடறேன். ஸ்பிரிங் உசந்தா ஷாக் அப்சார்பரும் நீளமா வேணும்."

"மாத்தலேன்னா?"

"பெரிய குழியில சக்கரம் தொங்கறப்ப ஷாக் இழுத்துப் பிச்சுக்கும்."

"பிரேக் ஹோஸ்?"

"பிரேக் ஆயில் போற ரப்பர் குழாய், அதான்டா உயிரு! பழைய ஹோஸ் குட்டை. சக்கரம் கீழ இறங்கினா விறைச்சு அறுந்துரும். இறக்கத்துல பிரேக் இல்லேன்னா அப்புறம் சங்குதான்."

"ஸ்டியரிங் ராடு?"

"அதுவும் மாத்தணும். முனையில நட்டு, நட்டு கழலாம இருக்க ஒரு பின். பின் இல்லேன்னு வை... குலுங்கிக் குலுங்கி நட்டு கழண்டு, நீ ஒரு பக்கம் திருப்பினா வண்டி இன்னொரு பக்கம் போகும்."

ஒவ்வொரு சாமானுக்கும் 'மாத்தலேன்னா?' என்று கேட்டான் ஷோக்கு. ஸ்பிரிங்குக்கோ பெருமை தாங்கவில்லை. எந்த வாடிக்கையாளன் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறான்? எல்லாச் சாமானையும் புதிதாகப் பூட்டி, டீ வாங்கிக் கொடுத்து பாடம் நடத்தினான்.

எதைக் கழற்றினால் எப்படிச் சாவு வரும் என்று...!

முந்தாநாள் ஷோக்கின் மனைவி வந்தாள். மலை மேல் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதிர்ந்து பேச மாட்டாள்.

"அண்ணா... ஜீப்பைத் தூக்கின பிறகு பிரேக் ஹோஸ் குட்டையா இருந்தா என்ன ஆகும்?"

"எதுக்கும்மா கேக்கறே?"

"சும்மாதான்... உடனே அறுந்துருமா, மெதுவாவா?"

அவனுக்குச் சந்தேகம் தட்டியது. அவள் கண்கள் அவனைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய ஸ்பிரிங்குகளைப் பார்த்தன.

"நீளமான ஹோஸ் ஒரு செட் குடுங்கண்ணா. நான் வாங்கினது அவருக்குத் தெரிய வேணாம்."

கொடுத்தான். அவள் தெருமுனையைத் தாண்டியதும் ஷோக்குக்கு போன் போட்டான்.

"மாப்ள, நான் புது ஹோஸ் போட்டிருக்கறப்பவே உன் சம்சாரம் இன்னொரு செட் வாங்கிட்டுப் போறா. அறுந்தா என்ன ஆகும்னு வேற கேக்கறா. எனக்கென்னமோ சரியாப் படலை. வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி அடியில குனிஞ்சு பாரு!"



ஷோக்கு சிரித்தான்.

"தேங்க்ஸ் மாப்ள. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டான்!

பைக்கை ஓட்டியபடியே ஸ்பிரிங் தன் தலையில் அடித்துக்கொண்டான். அதே கேள்விகள்தானே? ஆம்பளை கேட்டபோது அக்கறை என்று நினைத்தான். பொம்பளை கேட்டதும் கொலைகாரி ஆக்கிவிட்டான்.

அண்ணா என்று கூப்பிட்டாளே...!

* * *

பிணவறை வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தாள். ஸ்பிரிங் ஒன்று விடாமல் கொட்டினான்.



"இதை உங்க ஃப்ரெண்ட் முகத்துக்கு நேரா சொல்லுவீங்களா?"

"சொல்றேன் மேடம்."

ஷோக்கு பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஸ்பிரிங்கைக் கண்டதும் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டான்.

"போயிட்டாடா மாப்ள...! அவ கார் ஸ்டார்ட் ஆகலைன்னு சொன்னா. ஜீப்பை எடுத்துட்டுப் போன்னு நான்தான்டா சாவியைக் குடுத்தேன்!"

சட்டையில் சென்ட் வாசனை. இன்றைக்குமா?

ஸ்பிரிங் அவனை உதறினான்.

"நடிக்காதடா! நான் போட்ட ஹோஸைக் கழட்டிட்டுப் பழைய குட்டை ஹோஸை மாட்டினது நீதானே? அதைப் பாத்துட்டுத்தான் அவ என்கிட்ட வந்தா!"

ஷோக்கின் அழுகை குழாயை மூடியது போல நின்றது.

"இன்ஸ்பெக்டர் மேடம், கேட்டீங்களா? தன் தப்பை மறைக்க என் மேல பழி போடறான்! ஹோஸ் ரெண்டும் புத்தம் புதுசு. அவளே மாத்திட்டா. அறுந்தது ஹோஸ் இல்ல. இவன் ஸ்டியரிங் நட்டுக்குப் பின் போடலை. அது கழண்டுதான் வண்டி பள்ளத்துல போச்சு!"

"அப்படியா?" என்றாள் இன்ஸ்பெக்டர். "நட்டு கழண்டுச்சுன்னு யார் சொன்னது?"

"போலீஸ்காரங்கதான்... அங்க பேசிக்கிட்டாங்க..."

"யாரும் பேசலை. உடம்பை மட்டும்தான் மேல கொண்டு வந்திருக்கோம். ஜீப் இன்னும் பள்ளத்துல தலைகீழாக் கிடக்கு. கிரேன் வந்து சேரலை. நட்டு இருக்கா, கழண்டுச்சான்னு எனக்கே தெரியாது சார்... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஷோக்கு வாசல் பக்கம் ஓரடி நகர்ந்தான். 

"பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல ஒரு மெக்கானிக் இருக்கார். முந்தாநாள் நீங்க வீட்டுல இல்லாதப்ப வந்து உங்க சம்சாரத்துக்கு ஹோஸ் மாத்திக் குடுத்தவர். 'எங்க வீட்டுக்காரர் எதுக்கு நல்லதைக் கழட்டிட்டுப் பழசைப் போட்டார்னு தெரியலைண்ணே'ன்னு அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. விஷயத்தைக் கேட்டதும் அலறிக்கிட்டு அவரே ஓடி வந்தார்."

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

"ஏன்டா...?" ஸ்பிரிங் அவன் சட்டையைப் பிடித்தான். "பிடிக்கலைன்னா பிரிஞ்சு போயிருக்கலாமேடா?"

"விட மாட்டேன்னா. எனக்கு வேற ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா." ஷோக்கு கலைந்த தலையை ஒதுக்கிக்கொண்டான். திடீரென்று அவன் உதட்டில் ஒரு கோணல் சிரிப்பு.

"ரொம்ப யோக்கியன் மாதிரி நிக்காத மாப்ள. நான் ஹோஸோட நிறுத்தியிருந்தேன். அவ அதை மாத்தினது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். என் திட்டம் பணால் ஆகி, அவ பொழைச்சிருப்பா. ஆனா நீ போன் பண்ணே. நீ சொன்னதாலதான் அடியில குனிஞ்சு பாத்தேன். புது ஹோஸ்! அப்புறம்தான் நீ சொல்லிக் குடுத்த அந்தப் பின் ஞாபகம் வந்துச்சு."

ஷோக்கு அவன் பக்கம் விரலை நீட்டினான். 

"அவளைக் கொன்னதுல சரிபாதி நீடா!"

இன்ஸ்பெக்டர் ஸ்பிரிங்கைப் பார்த்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று அவன் காத்திருந்தான்.

வரவில்லை.

"ஸ்டேட்மெண்ட் குடுக்க வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், அண்ணா என்று கூப்பிட்டவள் வெள்ளைத் துணிக்குள் கிடந்தாள். ஒரே ஒரு கேள்வி... 'சும்மா கேக்க மாட்டியேம்மா, வண்டியில என்ன பாத்தே?' என்று உட்கார வைத்துக் கேட்டிருந்தால்...?

கான்ஸ்டபிள் ஷோக்கைத் தள்ளிக்கொண்டு போனார். போலீஸ் வண்டியின் படியில் கால் வைத்தவன், திரும்பிப் பார்த்துக் கூவினான்.

"மாப்ள! எத்தனை வருஷப் பழக்கம்... ஒரு நல்ல வக்கீலாப் பாத்து, என்னை எப்படியாவது மேல தூக்கி விடுடா!"

ஸ்பிரிங் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கன்னமெல்லாம் கிரீஸ்.

"வண்டியைத் தூக்கறதுதான்டா என் தொழில். ஆளைத் தூக்கறதுக்கு... நீ கோர்ட்டுக்குத்தான் போகணும்!"