ஜன்னலில் நின்றவள்

போகிறவர்கள் எல்லாம் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி மட்டும் நின்றுவிட்டாள்.

சிஸல் சட்டென்று கண்ணைத் திறந்தாள். அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி அடிப்பிடித்து, ஆறி ஏடு கட்டியிருந்தது. மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்ட டிசம்பர் வானத்தின் கீழே, பின்தோட்டத்துப் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்க, குழந்தை வண்டியின் கறுப்புக் கூரை மட்டும் எழும்பித் தெரிந்தது. அதற்குள் கம்பளிக்கும் இறகு மெத்தைக்கும் நடுவே விக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்வென்போர் என்ற அந்தக் கடலோர ஊரில், எவ்வளவு குளிரானாலும் பகல் தூக்கம் என்றால் குழந்தைகளுக்கு வெளியில்தான். மேசைமேல் இருந்த பேபி மானிட்டர் அவளுடைய மூச்சைக் கொண்டுவந்து சமையலறையில் நிரப்பியது.

தியான வகுப்பில் ஆசிரியை குன்வோர் சொல்லிக்கொடுத்த பயிற்சி எளிதானது. உன் மனம் ஒரு வீடு. நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாய். எண்ணங்கள் தெருவில் போகிறவர்கள். ஒவ்வொன்றையும் பார், "எண்ணம்" என்று பெயர் சொல், போகவிடு. இந்த ஊரில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. அதனால் அது சிஸலுக்குச் சுலபமாகவே வந்தது. குழந்தை பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது.

ஆனால் அந்த ஒருத்தி போகவில்லை. சாம்பல் நிறக் கோட்டு, நனைந்து கனத்த கீழ் விளிம்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று உள்ளே பார்த்தாள். அவள் கொண்டுவரும் எண்ணம் எப்போதும் ஒன்றேதான்: நீ குழந்தையைப் படியிலிருந்து போட்டுவிடுவாய்.

போன வாரம் நூலகத்து மாடியில், வட்டமாகப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவே, சிஸல் அதைக் கேட்டேவிட்டாள்.

"ஒண்ணு போகவே மாட்டேங்குதுன்னா என்ன பண்றது, குன்வோர்?"

"நின்னா நிக்கட்டுமே. கதவை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு எத்தனை நாள் நிப்பே? உள்ள கூப்பிடு. உக்கார வை. ஒரு காபி குடு."

"எங்க வீட்டுக்கு அனுப்பி விடு," என்றார் பக்கத்து நாற்காலியிலிருந்த தபால்காரர். "என் மாமியார் போடற காபியக் குடிச்சா, திரும்பிப் பாக்காம ஓடிருவா."

எல்லோரும் சிரித்தார்கள். சிஸலும் சிரித்தாள்.

இப்போது போன் அடித்தது. அவள் கணவன் யெப்பே. எரோ தீவுக்குப் போகும் படகில் அவனுக்கு வேலை.

"என்னடி, இன்னைக்கும் கஞ்சியக் கரிய விட்டுட்டியா?"

"ஆமா. நீ வந்து சுரண்டித் தின்னு."

"அஞ்சு மணிக்கெல்லாம் வந்துருவேன்." படகின் இயந்திரம் பின்னால் உறுமியது. "சிஸல்... நேத்து பாப்பாவத் தூக்கிக்கிட்டு மாடிப்படியில அப்படியே நின்னியே. கூப்பிட்டும் திரும்பல. நான் வேணா கொஞ்ச நாள் லீவு போடட்டுமா?"

"கால் மரத்துப்போச்சு, அவ்வளவுதான். அதுக்குப் போய் லீவா?"

"நிஜமா?"

"நிஜமா."

சொல்லியிருக்கலாம். சொன்னால் அதன்பிறகு அவன் குழந்தையை அவளிடம் தனியாக விட மாட்டான். தன் பெண்ணைப் பயமில்லாமல் தூக்கவேண்டும், அந்தப் படியில் இறங்கவேண்டும். உலகத்தில் வேறெதுவும் அவளுக்கு வேண்டாம். அவன் வருவதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

சாம்பல் கோட்டுக்காரி அங்கேயே நின்றிருந்தாள். அவளுடைய மூச்சு கண்ணாடியில் படர்ந்திருந்தது. சிஸல் மனத்துக்குள் எழுந்து, மனத்துக்குள் நடந்து, மனத்துக்குள் இருந்த தாழ்ப்பாளை விலக்கினாள். உள்ளே வா. உட்கார்.

நிஜமான பின்கதவில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறக்காதே என்று சொல்லிக்கொண்டாள். சத்தம், வெறும் சத்தம். கணுக்காலில் குளிர் ஊர்ந்தது. குளிர், வெறும் குளிர். நனைந்த கம்பளியும் கடற்பாசியும் கலந்த வாசனை மெதுவாக அறைக்குள் வந்து, அவளைச் சுற்றிக்கொண்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தது. நாற்காலி முனகியது. பிறகு அந்த வாசனை எழுந்தது. வந்த வழியே போனது.

நல்லது. போகட்டும். குன்வோர் சொன்னது சரிதான்.

மானிட்டரில் வண்டியின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

எண்ணம்.

கம்பளியை விலக்கும் சரசரப்பு.

எண்ணம்.

விக்கா அழுதாள். வீறிட்டு, மூச்சடைத்து, அவளையே கூப்பிடுவது போல. சிஸல் எத்தனையோ தடவை இல்லாத அழுகையைக் கேட்டு ஓடியிருக்கிறாள். ஓடியபோதெல்லாம் குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. இந்தத் தடவை ஓடக்கூடாது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எண்ணம். எண்ணம். எண்ணம்.

அழுகை நின்றது.

மார்பில் ஏதோ சூடாக இறங்கியது. தொட்டுப் பார்த்தாள். பால். நீல ஸ்வெட்டர் முழுக்க நனைந்திருந்தது.

எண்ணத்துக்குப் பால் சுரக்குமா?

ஓடினாள். வெறும் கால். உறைந்த புல் காலடியில் நொறுங்கியது. வண்டியின் மேல்துணி ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கையை உள்ளே விட்டாள். மெத்தை இருந்தது. சூடு இருந்தது.

குழந்தை இல்லை.

பின்னால் கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள்.

திரையில்லாத ஜன்னல். மஞ்சள் வெளிச்சம். சிஸலின் நாற்காலியில் ஒருத்தி. அவளுடைய நீல ஸ்வெட்டர். அவளுடைய கூந்தல், அவளுடைய கழுத்து. மடியில் விக்கா.

சிஸல் கண்ணாடியைத் தட்டினாள். சத்தம் வரவில்லை. பெயர் சொல்லிக் கத்தினாள். மூச்சு மட்டும் கண்ணாடியில் படர்ந்தது. கெண்டைக்காலில் ஏதோ ஈரமாக, கனமாக உரசியது. குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறத் துணி.

உள்ளே இருந்தவள் எழுந்தாள். குழந்தையைத் தோளில் போட்டாள். கை நடுங்கவே இல்லை. ஜன்னலருகே வந்து வெளியே காட்டினாள். சிஸலின் குரலில், சிஸலால் ஒருநாளும் பேச முடியாத நிதானத்தோடு சொன்னாள்:

"பயப்படாதே கண்ணு. அது வெறும் எண்ணம். பாத்துக்கிட்டே இரு, தானாப் போயிரும்."

விக்கா பார்த்தாள். நேராக, அகன்ற கண்களோடு. உதடு பிதுங்கியது. பிறகு கொட்டாவி விட்டாள். முகத்தை அந்த நீல ஸ்வெட்டருக்குள் புதைத்துக்கொண்டாள்.

சிஸல் ஜன்னல் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். பற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

அவளுடைய கால்கள் தெருவை நோக்கி நடக்கத் தொடங்கின.