மூன்றாவது கடிகாரம்

கடிகாரம் நின்றுபோனது ஞானதாஸுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பழைய வண்டியில் எது வேண்டுமானாலும் நிற்கும். வாங்கிப் போட்ட முந்தின இரண்டு கடிகாரங்களும் நின்ற அதே ஆறே முக்காலில் இதுவும் நின்றிருந்ததுதான், கார்க் கதவைத் திறந்த கையை அப்படியே பிடித்து வைத்தது.

காலையில் சர்ச்சில் அவனுக்குக் கல்யாணம். மத்தியானம் பிரியாணி. மழைக்கு முன்னால் பஸ் பிடிக்கவேண்டும் என்று சொந்தக்காரர்கள் குடையும் பையுமாக ஓடிய பிறகு, வேட்டியைக்கூட மாற்றாமல் வீட்டை ஒட்டியிருந்த தன் வண்டி ரிப்பேர் ஷெட்டுக்குள் வந்திருந்தான். தகரக் கூரைமேல் மழை இறங்கத் தொடங்கியிருந்தது. ஏரிப் பக்கமிருந்து வந்த சேற்று வாசனையும், பழைய பெட்ரோலின் புளித்த வாசனையும், காரின் துணிக்கூரை ஈரத்தில் ஊறி விடும் பூஞ்சை வாசனையும் ஒன்றாகி ஷெட்டை நிறைத்தன.

கார் பெருநகர் ஊர்க்காரர் மோகனுடையது. அறுபது வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, தரையோடு பதுங்கின மூஞ்சி. நெல்லு விற்ற கையோடு ஆசைப்பட்டு வாங்கியது. இன்ஜின் ஓடினது, விளக்கு எரிந்தது, டாஷ்போர்டில் கடிகாரம் மட்டும் ஓடவில்லை. நின்ற கடிகாரத்தோடு வண்டி வீட்டுக்கு வரக் கூடாது என்று மோகனின் சம்சாரம் சொல்லிவிட்டாளாம்.

“அந்த ஓட்டையில எது ஒக்காருதோ அத்தப் போட்டு வுடு ஞானம். பாக்கறவனுக்கு இன்னா தெரியப்போவுது?” என்றிருந்தார் மோகன்.

எது வேண்டுமானாலும் உட்கார்ந்துவிடாது. எலக்ட்ரிக்கல் படித்த ஞானதாஸுக்கு அது தெரியும். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகளில் பேட்டரியின் ப்ளஸ் பாடியோடு சேர்ந்திருக்கும். பிற்காலத்துக் கடிகாரங்களுக்கு மைனஸ் சேரவேண்டும். மாற்றிக் கொடுத்தால் கருகிவிடும். ஓட்டை ஒரு நூல் பெரிதானால் கடிகாரம் ஆடும், ஒரு நூல் சிறிதானால் நுழையாது. பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் தேடி வாங்கிய முதலாவது, அதே கம்பெனியின் பழைய சரக்கு. நின்றது. இரண்டாவது வேறு மாடலுக்கானது. பின்தகட்டை அராவிப் பொருத்தினான். அதுவும் நின்றது. மூன்றாவதில் முகம் மட்டும்தான் பழசு, உள்ளே புது குவார்ட்ஸ் மெஷின். தன் சின்ன செல்லிலேயே ஓடுவது. வண்டியின் கரண்ட் அதன் விளக்குக்கு மட்டும்தான். அளவில் சிறியது. ரப்பர் வளையம் சுற்றினால்தான் ஆடாமல் உட்காரும் என்று வளையத்தோடு போனான். வளையம் தேவைப்படவில்லை. ஓட்டை அதை உள்ளே வாங்கிக்கொண்டது.

டக்.

ஞானதாஸ் கார்க் கதவிலிருந்து கையை எடுத்தான். வண்டியோடு வந்த சொந்தக் கடிகாரத்தின் சத்தம் அது. அதற்குள் ஒரு குட்டி ஸ்பிரிங் உண்டு. அது தளர்ந்து தளர்ந்து நிற்கப்போகும் சமயத்தில் இரண்டு முனைகள் தொட்டுக்கொள்ளும். கரண்ட் பாய்ந்து ஒரு உதை உதைக்கும். ஸ்பிரிங் மறுபடி முறுக்கேறும். டக். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டக். குவார்ட்ஸுக்கு அந்தச் சத்தம் கிடையாது.

அந்தச் சொந்தக் கடிகாரம் ஓடினதை அவன் கடைசியாகக் கேட்டது போன வருஷம் இதே மழையில். அவன் மனைவி ஷாரோனுக்கு வீசிங் முற்றி உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஏரி உபரிநீர் ரோட்டை மூடியதில் ஆம்புலன்ஸ் சுற்றி வரவேண்டியிருந்தது. ஷெட்டில் ஓடுகிற நிலையில் இருந்தது மோகனின் கார் ஒன்றுதான். அவளை இடப்பக்கச் சீட்டில் உட்காரவைத்துக் கிளப்பினான். தலையை இடதுபக்கம் சாய்த்து, எதிரே பச்சையாக ஒளிர்ந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு மூச்சும் எங்கோ சிக்கி, பிறகு விடுபட்டது. அந்த டக்குக்கும் அவள் மூச்சுக்கும் கணக்கு ஒத்துப்போவதை அவன் வேண்டாமலே கவனித்தான்.

“ஞானு, டைம் இன்னா ஆவுது?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஞானு என்று அவளைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. ஆறே முக்கால் என்று அவன் சொன்ன பிறகு கேட்கவில்லை. கடிகாரமும் அடிக்கவில்லை.

மோகனுக்கு இது தெரியாது. ஞானதாஸ் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதையுமே யாரிடமும் அவன் அதிகம் சொல்லவில்லை. வருஷ நினைவுப் பூசை முடிந்த மறுநாள் மாமியார் மார்த்தாள் வந்து, சின்ன மகள் ஏஞ்சலைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள்.

“வூடு காலியாக் கீது நைனா. அவ எடத்துல இவ இருந்துட்டுப் போறா.”

அவன் சரி என்றான். வேண்டாம் என்பதற்கு அதைவிட அதிகம் பேசவேண்டியிருக்கும்.

“இன்னா மாமா, கல்யாணத்தன்னிக்கும் இந்த வண்டிகூடத்தான் குடித்தனமா?”

ஏஞ்சல் வாசலில் டீ டம்ளரோடு நின்றிருந்தாள். அக்காவைப் போல மெலிந்தவள் அல்ல. பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவள். ஜலதோஷம் என்று படுத்ததில்லை. அழுதுகொண்டு வந்து நிற்பாள் என்று அவன் நினைத்திருந்தான், அவளோ வந்ததிலிருந்து அவனைச் சீண்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது அவனுக்குள் ஒரு மூலையில் என்னவோ லேசாக அசைந்தது. இவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. ஒரு வருஷத்தில் அவன் தனக்கென்று நினைத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

“இதோ வரேன். நீ உள்ள போ, நனையாத.”

அவள் டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். திரும்பும்போது இருமினாள். லேசாக. தொண்டையில் தூசு விழுந்ததுபோல.

“பெட்ரோல் நாத்தம்,” என்று மார்பைத் தட்டிக்கொண்டாள். தட்டிய விரல்களுக்கு நடுவில் தாலி மின்னியது.

புது மஞ்சள் கயிறு. சிலுவை போட்ட பழைய தாலி. ஷாரோனுடையது. அவளைச் சவப்பெட்டிக்குள் வைக்கும் முன் மார்த்தாள் கழற்றி வைத்திருந்தாள். மந்திரித்த தாலியை உருக்குவது பாவம், அக்காவுடையது தங்கைக்குப் போவதில் தப்பென்ன என்று அவளே கயிறு மாற்றிக் கொண்டுவந்தாள். காலையில் மூன்று முடிச்சும் அவன்தான் போட்டான்.

டக்.

ஏஞ்சல் வீட்டுக்குள் போனாள். கரண்ட் போனது.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் படுத்தான். அதற்கு முன்பே பேட்டரி முனையைக் கழற்றியிருந்தான். பிறகு கடிகாரத்தை வெளியே இழுத்தான்; அது விருப்பமில்லாமல் வந்தது. பின்னால் இருந்த செல்லைக் கழற்றித் தரையில் போட்டான். வட்ட ஓட்டைக்குள்ளிருந்து ஒயர் தொங்கியது. வண்டி பிறந்ததிலிருந்து அதே ஒயர், துணி சுற்றிய, நைந்த ஒயர். மூன்று கடிகாரத்துக்கும் அதைத்தான் கொடுத்திருந்தான். இதற்கு விளக்குக்காகக் கொடுத்தான். கடிகாரத்தை மாற்றிக்கொண்டே இருந்தவன் அதை மட்டும் மாற்றவில்லை. கடிகாரங்கள் எதிலும் கோளாறு இருந்திருக்காது.

வெட்டும் குறடால் ஒயரை நறுக்கினான்.

மழைச் சத்தம் மட்டும். அவன் காத்திருந்தான். டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தபடியே மூச்சை அடக்கிக் கேட்டான். ஒன்றுமில்லை. தவளைகள். தகரத்திலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீர். ஒரு வருஷமாகத் தோளில் இருந்தது எதுவோ இறங்குவதுபோல இருந்தது.

டக்.

சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

எழுந்ததில் தலை ஸ்டியரிங்கில் இடித்தது. ஓடினான். அறையில் கட்டிலின் இடது ஓரத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு ஏஞ்சல் உட்கார்ந்திருந்தாள். டார்ச் வெளிச்சத்தில் உதடு சரியான நிறத்தில் இல்லை.

“மூச்சு புடிக்குது மாமா. எனக்கு இன்னாமோ மாதிரி கீது.” சிரிக்கப் பார்த்தாள். “அக்கா மாதிரியே.”

கயிற்றைப் பிடித்தான். காலையில் தொளதொளவென்று தொங்கியது. இப்போது கழுத்தைச் சுற்றி அளவாக உட்கார்ந்திருந்தது. ஈரத்தில் ஊறிய முடிச்சுகளுக்குள் நகம் இறங்கவில்லை. தலைவழியாகவும் வரவில்லை. குறடு ஷெட்டில் கிடந்தது.

“இங்கயே இரு. இதோ.”

டார்ச்சை அவளருகில் வைத்துவிட்டு இருட்டில் போனான். டாஷ்போர்டுக்கு அடியில் தடவினான். குறடு இரண்டு முறை நழுவியது. எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

கட்டிலில் யாருமில்லை. விரிப்பில் குழி மட்டும். தரையில் ஈரக் காலடி. ஷெட்டுப் பக்கம் போன காலடி.

ஆனால் அவன் அங்கிருந்துதான் வந்தான். எதிரே யாரும் வரவில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பிப் போனான்.

கார் மூடிக் கிடந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. ஆவி கூடியது. குறைந்தது.

கதவைத் திறந்தான்.

இடப்பக்கச் சீட்டு. இடதுபக்கம் சாய்ந்த தலை. மடியில் மல்லாந்த கைகள். டாஷ்போர்டின் வெறும் ஓட்டையையே பார்க்கும் கண்கள்.

“ஏஞ்சல்.”

நெஞ்சு அசையவில்லை. மூக்கருகே விரலை வைத்தான். காற்று இல்லை. அவள் கை சில்லிட்டிருந்தது.

டக்.

உடம்பு ஒரு உதை உதைத்தது. வாய் திறந்தது. மூச்சு உள்ளே இழுபட்டது.

“ஞானு,” என்றது. “டைம் இன்னா ஆவுது?”

அவன் சொல்லவில்லை. பாக்கெட்டில் இருந்த கைபேசியை எடுக்கவில்லை. இந்த முறை சொல்ல மாட்டான்.

மூச்சு மெலிந்தது. தளர்ந்தது. நின்றது. கண்கள் ஓட்டையை விட்டு நகரவில்லை.

டக். மறுபடி உதை. மறுபடி இழுப்பு. அதன் அடியில், எங்கோ ஆழத்தில், இன்னொரு குரல். சின்னக் குரல். “மாமா.”

குறடின் வாயைக் கயிற்றுக்கு இரண்டு பக்கமும் வைத்தான். ஒயரை வெட்டியபோது கடிகாரத்தின் சத்தம் நின்றது. இதை வெட்டினாலும் நிற்கும். எது நிற்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. முறுக்குவது ஒருத்தி. முறுக்கப்படுவது ஒருத்தி.

இரும்பு அவள் தோலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவன் அமுக்கவில்லை. எடுக்கவும் இல்லை.

ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவில் அவள் செத்திருந்தாள்.