லொரெய்ன் வீட்டுத் தொட்டியில் குளோரின் திருட்டு

எல்ராய் டெஷ் காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, லொரெய்ன் விசோக்கி கதவைத் தட்டாமல் உள்ளே வந்து ஓர் ஊறுகாய் பாட்டிலை மேசைமேல் வைத்தாள். உள்ளே ஊறுகாய் இல்லை. வெறும் தண்ணீர்.

"எங்க பூல்ல இருந்து யாரோ குளோரினைத் திருடுறாங்க அண்ணே. யாருன்னும் தெரியும். பக்கத்து வீட்டு டுவேன். மத்தியானம் ஷெரிஃப் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

எல்ராய் முப்பது வருடம் ஊர்த் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர். படிப்பு எட்டாவதோடு சரி. மனிதர் சொல்வதை நம்பமாட்டார். சோதனைக் குப்பி காட்டும் நிறத்தை நம்புவார். தினமும் அவர் வீட்டில் காபி குடிக்க வரும் மைத்துனர் கோர்டி அதற்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் நம்புவார்.

"டுவேன்தான். நான் அப்பவே நினைச்சேன்" என்றார் கோர்டி.

"எப்போ?"

"இப்போதான், மச்சான்."

எல்ராய் லொரெய்ன் பக்கம் திரும்பினார். "முதல்ல இருந்து சொல்லு. எதையும் விடாதே."

பதினெட்டு வருடமாக அவர்கள் நீச்சல் தொட்டிக்குக் குளோரின் இல்லாத மருந்துதான். நீல பாட்டில் கிருமிக்கு, வெள்ளை பாட்டிலில் பெராக்சைடு. இந்த வருடம் சுவரெல்லாம் வெள்ளைப் பாசி வழுக்கியது. குளோரினுக்கு மாற முடிவு செய்தாள். பழைய மருந்தை நிறுத்தி, அது தேயும்வரை காத்திருந்து, குளோரினை ஊற்றிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் பச்சையானது, பால்போலக் கலங்கியது, கடைசியில் தெளிந்தது. ஃபில்டர் மணலையும் மாற்றிவிட்டாள். மூன்று நாள் குளோரின் இரவு முழுக்க நின்றது.

"அப்புறம்?"

"சாயங்காலம் ஊத்திப் பார்த்தா சோதனைத் தண்ணி மஞ்சளா வருது, குளோரின் இருக்கு. காலைல ஆறு மணிக்கு நான் நீந்தப் போறப்ப பார்த்தா ஒண்ணுமே இல்ல. தினம் முந்தின நாளைவிட அதிகமா ஊத்த வேண்டியிருக்கு. பூல் மேல தொங்கின அவன் மேப்பிள் மரக் கிளைய வெட்டினேன். அன்னைலேர்ந்து டுவேன் என் மூஞ்சில முழிக்கிறதில்ல."

"வெள்ளிக்கிழமை சீட்டாட்டத்துக்கு வந்தானா?"

"வரல. முப்பது வருஷத்துல முதல் தடவை." அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

மூவரும் போனார்கள். வட்டமான, நெஞ்சளவு உயரத் தொட்டி. அதை ஒட்டிய மரத்தளம் டுவேன் கட்டிக் கொடுத்தது. தளத்தில் லொரெய்னின் கணவர், காகித மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கிளெம், காபியோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து கை கொடுத்தார். அவருடைய கட்டைவிரலும் இரண்டு விரல்களும் சுண்ணாம்பில் முக்கியதுபோல் வெளுத்திருந்தன.

"என்ன கிளெம், மாவு பிசைஞ்சியா?" என்றார் கோர்டி.

"வேலிக்கு வெள்ளையடிச்சேன்."

எல்ராய் கை குலுக்கிவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

கோர்டி வேலியோரம் குனிந்தபடி கூப்பிட்டார். "மச்சான், இங்க பாரு. பூட்ஸ் தடம். டுவேனோடது. மாட்டிக்கிட்டான்."

"தடம் எதுவரைக்கும் வருது?"

"வேலிவரைக்கும்."

"அங்க அவன் பீன்ஸ் கொடி இருக்கு, மாப்ளே. பீன்ஸ் பறிக்கிறவன் பறந்தா வருவான்?"

எல்ராய் இரண்டு கண்ணாடித் தம்ளர் கேட்டார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் தொட்டித் தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டுக் குளோரின் விட்டார். பொறுமையாக ஒரு குவளை காபி குடித்து முடித்துவிட்டுச் சோதனை மருந்தைச் சேர்த்தார். குழாய்த் தண்ணீர் மஞ்சளானது. தொட்டித் தண்ணீர் அப்படியே இருந்தது.

பிறகு கொட்டகையைத் திறக்கச் சொன்னார். சாவி சமையலறை ஆணியில் தொங்கியது. உள்ளே நான்கு வெள்ளை பாட்டில்கள் குளோரின் வாளிக்குப் பக்கத்திலேயே இருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். இரண்டு காலி.

"டுவேனைக் கூப்பிடு" என்றார் கோர்டியிடம்.

டுவேன் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். "என்ன வெட்டணும் இப்போ? என் காலா?"

"சும்மா நில்லு" என்றார் எல்ராய். "குளோரினை எது தின்னும்? வெயில் தின்னும். ராத்திரியில வெயில் இல்ல. பாசி தின்னும், பழைய நீல மருந்து தின்னும். அப்படின்னா தண்ணி பச்சையா, கலங்கலா இருக்கணும். இது கண்ணாடி மாதிரி இருக்கு. சுவடே இல்லாம தின்னுறது ஒண்ணுதான். வெள்ளை பாட்டில். பெராக்சைடும் குளோரினும் ஒண்ணையொண்ணு தீர்த்துடும். கடைசில மிஞ்சுறது உப்பும் காத்தும்."

"அது இவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் லொரெய்ன்.

"இவனுக்குத் தெரியாது. மில்லுல ப்ளீச் பண்ற இடத்துல இருந்தவனுக்குத் தெரியும். அந்த பாட்டில் கைல பட்டா தோல் சுண்ணாம்பா வெளுக்கும், சில மணி நேரத்துல போயிடும். வெள்ளையடிச்ச கைன்னா என் கைலயும் ஒட்டியிருக்கும். கிளெம், நீயே சொல்றியா?"

கிளெம் தன் விரல்களைப் பார்த்தார்.

"விடியக்காலைல ஊத்துவேன்" என்றார். "அவ இறங்குறதுக்கு முன்னாடி."

"ஏன்யா?" என்றாள் லொரெய்ன்.

கிளெமின் பதில் டுவேனைப் பார்த்து வந்தது. "எழுபத்தெட்டுல மில்லுல குளோரின் குழாய் வெடிச்சப்போ உங்க அண்ணன் ரேயை நான்தான் தோள்ல தூக்கிட்டு வந்தேன். மஞ்சப் பச்சைப் புகை. அவன் மூச்சு இழுத்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. அந்தச் சனியன் இருக்கிற தண்ணில இவ முகத்தை வச்சு நீந்துறா. நான் எப்படிப் பார்த்துட்டு இருக்கிறது?"

டுவேன் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து, தானே கட்டிய படியில் உட்கார்ந்தார்.

"சொல்லியிருக்கலாமே" என்றாள் லொரெய்ன்.

"நீ அவ்வளவு ஆசையா மாத்தினே."

எல்ராய் கனைத்துக்கொண்டார். ஆறுதல் சொல்வது அவருக்கு வராது. "முதல்ல அந்த பாட்டிலையும் குளோரினையும் ஒரே கொட்டகையில வைக்கிறத நிறுத்துங்க. அது முட்டாள்தனம். ரெண்டாவது, கிளெம், உன் கைல என்ன?"

"காபி."

"எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணி."

"முப்பது வருஷம் அதுல தினமும் குளோரின் போட்டது நான். நீயும் இத்தனை வருஷமா அதைத்தான் குடிக்கிறே. மில்லுல நீ பார்த்தது வேற அளவு. இது வேற அளவு."

கிளெம் குவளைக்குள் பார்த்தார். "உன் கையாலயா?"

"என் கையாலதான்."

"சொல்லவே இல்லையேடா."

"நீ கேக்கல."

கிளெம் மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு ஏணிப்படியில் ஏறி, வெளுத்த விரல்களைத் தண்ணீருக்குள் விட்டு, அங்கேயே வைத்திருந்தார். லொரெய்ன் கைப்பையிலிருந்து மடித்த புகார்க் காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள்.

"வெள்ளிக்கிழமை வருவியா?" என்று டுவேனிடம் கேட்டாள்.

"கிளைய வெட்டினதுக்கு ஒரு வார்த்தை சொன்னா வரேன்."

"தப்புதான்."

"அந்தக் கிளைல பாதி பட்டுப்போச்சு" என்றார் டுவேன். "நானே வெட்டியிருக்கணும்."