வாள் தொங்கிய பக்கம்

"தோல்பையில தண்ணி அடிமட்டத்துக்கு வந்துடுச்சுக்கா. இன்னிக்கும் அந்தக் கிணறு கிடைக்கலேன்னா திரும்பிடணும்," என்றான் ஒட்டகக்காரன் ஹமீரா. மதுரையில் ஒரு சேட்டுக் கடையில் வேலை பார்த்துக் கற்ற தமிழ் அவனுடையது. அங்கே பழக்கமான செல்வகனியைத் துணைக்கு அழைத்து வந்திருந்தான்.

செல்வகனி கையிலிருந்த தபால்தலையையே பார்த்தாள். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த ராஜஸ்தான் பாலைவனத்துச் சிற்றரசு ஒன்று வெளியிட்டது. ஒட்டகத்தின் மேல் இடுப்பில் வாளோடு தபால்காரர்; பின்னால் இரட்டைக் குன்று; குன்றுக்கு இடப்பக்கம் ஒரு கிணறு. தபால் சுமந்த ஹமீராவின் கொள்ளுத்தாத்தா மணல்புயலில் காணாமல் போனபோது அந்தக் கிணற்றடியில்தான் ஒதுங்கியிருப்பார் என்பது வீட்டார் நம்பிக்கை. மூட்டையோடு கம்பி நீட்டிவிட்டார் என்று ஊர் கதை கட்டிவிட்டது. இன்றைக்கும் அவர்களுடையது திருட்டு வீடுதான். ஹமீராவின் தங்கைக்கு வந்த வரனும் அதனால்தான் தட்டிப்போயிற்று. அந்த மூட்டை கிடைத்தாக வேண்டும்.

குன்றின் இடப்பக்கம் முழுக்கத் தோண்டியாயிற்று. மணலைத் தவிர ஒரு மண்ணும் இல்லை!

ஹமீரா தபால்தலையை எட்டிப் பார்த்தான். "இந்த ஆள் இடதுகைக்காரனாக்கா? வாள் வலப்பக்கம் தொங்குது. எங்காளுங்க இடப்பக்கம்தான் கட்டுவாங்க."

செல்வகனி தலையில் அடித்துக்கொண்டாள். சிவகாசி அச்சகத்தில் அச்சுக்கட்டை செதுக்குகிறவள் அவள்.

"நான் ஒரு கூறுகெட்டவ! எல்லாத்தையும் திருப்பிச் செதுக்குனாத்தான் தம்பி, அச்சுல நேரா விழும். இதைச் செதுக்குன புண்ணியவான் எழுத்தைத் திருப்பியிருக்கான், படத்தைத் திருப்ப மறந்துட்டான். எழுத்து நேரா இருக்கவும் நானும் ஏமாந்துட்டேன்."

"அப்போ கிணறு?"

"வலப்பக்கம். ஒட்டகத்தைக் கிளப்பு."

அங்கே கொஞ்ச நேரத்திலேயே மண்வெட்டி கல்லில் மோதியது. தூர்ந்துபோன கிணற்றின் சுவர். அதையொட்டி ஒரு மனிதரின் எலும்புகள். கைகளுக்குள் தோல் மூட்டை. வாய்க்கட்டில் அரக்கு முத்திரை உடையாமலே இருந்தது.

ஹமீரா அந்த முத்திரையைத் தடவித் தடவி அழுதான். அழட்டும் என்று செல்வகனி விட்டுவிட்டாள். பிறகு இருவருமாகக் கொள்ளுத்தாத்தாவை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, மிச்சத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டு திரும்பினார்கள். ஊர் சொன்னதையும் இத்தனை காலம் யாரும் திருப்பிப் பார்க்காமல்தானே நம்பினார்கள் என்று வழியெல்லாம் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

கடைவீதி வந்ததும் ஹமீரா ஒட்டகத்திலிருந்து இறங்கினான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுத்தெருவில் நடந்தான். "தபால்!" என்று குரல் கொடுத்தான்.

கடைகளிலிருந்து ஆட்கள் வந்து சூழ்ந்தார்கள். 'திருட்டு வீடு' என்று வாய் ஓயாமல் சொல்லும் டீக்கடைக்காரர் முத்திரையைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"யாருக்குப்பா தபால்?"

"உங்க வீட்டுக்கும் இருக்கலாம். தாத்தா வர்றதுக்குக் கொஞ்சம் தாமதமாயிடுச்சு," என்றான் ஹமீரா.