ஒலி இல்லாமல் ஒரு முறை

விமர்சகர்களுக்குப் படம் போட்டுக் காட்டும் அரங்கு அந்தப் பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. நடுப்பகலில் இறங்கினாலும் உள்ளே இரவுதான். ஈரக் கம்பளத்தின் நாற்றம் முதல் படியிலேயே எதிர்கொண்டு அழைக்கும்.

"வாங்கம்மா," என்றார் படம் ஓட்டுபவர். "இன்னைக்கும் முதல் சீன்லயே பொணம். பொண்ணுதான். ஆம்பள செத்தா எவன் பார்ப்பான்?"

அவள் சிரிக்கவில்லை. பத்திரிகைக்காக வாரம் தவறாமல் கொலைத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு நாக்கே கசந்திருந்தது. கால்விரலிலிருந்து மெல்ல மேலே ஊரும் கேமரா. குடித்துவிட்டுத் துக்கப்படும் போலீஸ் அதிகாரி. கடைசி வரை பெயரே இல்லாமல், அழகாக மட்டும் கிடக்கும் ஒரு பெண்.

ஆசிரியர் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்: "நாலு ஸ்டார் போட்டுடும்மா. முழுப் பக்க விளம்பரம் அவங்களோடது. உன் வழக்கமான குத்தலை அடுத்த வாரம் வச்சுக்கோ."

விளக்கு அணைந்தது.

மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டி. இரண்டு பேர் மூடியைத் தூக்கினார்கள். நீல வெளிச்சத்தில் கூந்தல் மிதந்தது.

அந்த மாடி, அந்தத் தொட்டி, முழங்கையில் அந்தத் தழும்பு. எல்லாம் சில வருடங்களுக்கு முன் வீட்டு மாடித் தொட்டியில் பிணமாகக் கிடைத்த அவளுடைய அக்காதான். கொன்றவன் இன்றுவரை பிடிபடவில்லை. வீட்டில் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்திருக்கிறார்கள். அத்தியாயங்கள் ஒவ்வொன்றாக ஓடின. இறுதி அத்தியாயத்தில் அக்காவைப் பணம் பறிக்கும் பொய்க்காரியாக ஆக்கி, அவளே தேடிக்கொண்ட சாவு என்று முடித்திருந்தார்கள்.

நாற்காலியின் கையைப் பிடித்தபடி கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஓடிவிடலாம். ஓடினால் வேறு யாராவது நாலு நட்சத்திரம் போடுவார்கள். அம்மா உயிரோடு இருக்கும்போதே ஊர் முழுக்க அக்காவைக் காறித் துப்பும்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் காட்சியை ஒலி இல்லாமல் இன்னொரு முறை பார்ப்பாள். பயம் படத்தில் இருக்கிறதா, வெறும் இசையில் இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

"அண்ணே, சவுண்டை நிறுத்திட்டு முதல்ல இருந்து போடுங்க."

மீண்டும் மாடி. மீண்டும் தொட்டி.

சொட்.

"சவுண்ட் வருதுண்ணே."

"நிறுத்தியாச்சேம்மா."

சொட். சொட்.

கம்பளத்தின் நாற்றம் மாறியது. பாசி பிடித்த பழந்தண்ணீரின் வாடை. தொட்டியைத் திறந்த நாள் வீட்டுக்குள் வந்து, பிறகு எந்தச் சோப்புக்கும் போகாத வாடை.

திரையில் அந்தக் கை மேலே வந்தது. சற்றுமுன் நடிகையின் இரண்டு கைகளிலும் நகங்கள் சிவப்பாக இருந்தன.

இப்போது இடது கையில் மட்டும் பூச்சு. பச்சை.

அக்காவின் கடைசி மாலையில், இவள் ஒரு கைக்குப் பூசி முடித்தபோது யாரோ கூப்பிட்டதாக அக்கா எழுந்து போனாள். "நான் வந்ததும் இன்னொரு கைக்குப் போட்டு விடு," என்று இவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். இது எந்தச் செய்தியிலும் வரவில்லை.

பிணத்தின் உதடுகள் அசைந்தன.

"நிறுத்துங்கண்ணே!"

விளக்கைப் போட்டவர் விழித்தார். "என்னம்மா ஆச்சு? பொணம் சும்மாதானே கிடக்கு?"

அன்று மாலை அவள் எழுதியதில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. 'செத்தவளின் வாயில் பொய்யைத் திணித்துக் காசு பார்க்கும் அருவருப்பு' என்று தொடங்கி, அது தன் அக்காவின் கதை என்பதையும் எழுதினாள். கடைசி வரி: 'முதல் காட்சியை ஒலி இல்லாமல் ஒரு முறை பாருங்கள்.'

அனுப்பிச் சற்று நேரத்தில் ஆசிரியர் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் குரல் கிசுகிசுத்தது.

"நீ எழுதினது அப்படியே வரட்டும்மா. ஒரு எழுத்தைக்கூட மாத்தல."

"ஏன் சார்?"

"அவங்க அனுப்பின காப்பியை வீட்டு டிவில போட்டு, சவுண்டை நிறுத்திட்டுப் பார்த்தேன். அந்தப் பொண்ணு யாரையோ கூப்பிடுது. திரும்பத் திரும்ப." அவர் மூச்சு வாங்கினார். "சுண்டு, சுண்டுன்னு. யாரும்மா அது?"

அவளை அப்படிக் கூப்பிட்டவள் ஒருத்திதான்.

"சார், டிவியை அணைச்சிடுங்க."

"எப்பவோ அணைச்சாச்சும்மா," என்றார் அவர்.

அவர் பக்கத்தில் எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.