பொருத்தம் பதினொன்று

இயல்பறி என்ற கருவியின் கூண்டுக்குள் தோன்றிய பொய் நோயாளிகளோடு செவ்வந்தி பேசினாள், நாடி பார்த்தாள், ஒருவருக்குக் கெட்ட செய்தியும் சொன்னாள். வெளியே வந்தபோது திரையில் விடை தயாராக இருந்தது: கோவை செங்காந்தள் மருத்துவக் கல்லூரி, பொருத்தம் தொண்ணூற்றெட்டு.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வைத்திருக்கும் அவள் அப்பா பழனியப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கேயே நின்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தார்.

மதிப்பெண் பார்த்து இடம் கொடுத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. மாணவருக்கு ஒரு சுபாவம் உண்டு, கல்லூரிக்கும் உண்டு. இரண்டும் ஒத்துப்போனால்தான் நல்ல மருத்துவர் உருவாவார் என்று கண்டுபிடித்து, அதை அளக்கத்தான் இயல்பறியைச் செய்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அளக்கிற கருவி ஒன்று வந்துவிட்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? நாமக்கல்லில் உடனே பயிற்சி மையம் திறந்துவிட்டார்கள். செவ்வந்தி அங்கே விடுதியில் தங்கி இரண்டு வருடம் படித்தது சுபாவம். செங்காந்தளுக்கு ஏற்றபடி எப்போது கனிய வேண்டும், எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும், எதற்கு யோசிப்பதுபோல் இருக்க வேண்டும் என்று தினமும் தேர்வு வைத்தே ஏற்றிவிட்டார்கள்.

இப்போது அவளுக்குச் சந்தோஷத்துக்குப் பதில் சந்தேகம்தான் வந்தது. கருவி அளந்தது தன்னையா, அந்த இரண்டு வருடத்தையா? கருவியை இயக்கும் மேரி ஸ்டெல்லாவிடம் போய், கல்லூரியின் சுபாவத்தை மட்டும் எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டாள். அங்கே படிக்கிறவர்களை அளந்துதான் என்றார் ஸ்டெல்லா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கொஞ்ச வருஷமா அங்க சேர்றது பூரா உங்க மையத்துப் பிள்ளைங்கதான். நீ பொருந்துறது காலேஜுக்கு இல்லம்மா, உன் ஹாஸ்டலுக்கு."

செவ்வந்தி திரையை மறுபடி பார்த்தாள். அங்கே போனால் தான் எப்படிப்பட்ட மருத்துவர் என்பது கடைசிவரை தனக்கே தெரியாமல் போய்விடும். கொஞ்சமும் ஒத்துவராத கல்லூரி எது என்று கேட்டாள். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே பட்டியலின் அடிக்குப் போனார். கொல்லிமலைக் கல்லூரி, பதினொன்று; அங்கே இடமும் காலியாக இருந்தது.

பழனியப்பன் போனை வைத்துவிட்டார். "அம்மணி, வெளையாடாத. உனக்கு ஆகவே ஆகாதுன்னு மெசினே சொல்லுது."

"அதுக்கு என்னையத் தெரியாதுங்கப்பா. எனக்கே தெரியல. போய்ப் பார்த்தாத்தானே தெரியும்?"

ஒரு வாரம் அவர் சொந்தக்காரர்களை விட்டு மகளுக்குப் புத்தி சொல்ல வைத்தார். ஆனாலும் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, மலையில் கொண்டுபோய் விட்டது அவர்தான்.

தான் ஒரு வாயாடி என்பதே செவ்வந்திக்கு அங்கேதான் தெரிந்தது. முதன்முதலாகப் பிரசவம் பார்த்தபோது அழுதாள். நோயாளியின் வீட்டுக் கதை முழுவதையும் கேட்காமல் அவளால் மருந்து எழுத முடியவில்லை. பேராசிரியரோடு சண்டை போட்டாள், பல தடவை தோற்றாள். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை. தொலைக்காட்சிக்காரர்கள் மலையேறி வந்து, பொருந்தாத கல்லூரியில் பூத்த பெண் என்று அவளைப் பேட்டி எடுத்துப் போனார்கள்.

அடுத்த மாதமே அந்தப் பயிற்சி மையத்தார் நாமக்கல் பேருந்து நிலையத்தில் ஆள் உயரத்துக்கு அவள் படம் வைத்தார்கள். பதினொன்று வாங்கிய எங்கள் மாணவி என்று கீழே எழுதியிருந்தது.

மறு ஆண்டு கொல்லிமலைக்கு வந்த முதலாண்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் பதினொன்று வாங்கியவர்கள். அவர்களில் ஒருத்தி செவ்வந்தியைத் தேடி வந்து, பயபக்தியோடு கேட்டாள்.

"அக்கா, பொருந்தாம இருக்க நீங்க எத்தன வருஷம் கோச்சிங் போனீங்க? எங்களுக்கு ஒரு வருஷந்தான் குடுத்தாங்க."